பக்கம் இல்லை என்று ஜிபியு சொன்னால் கெர்னல் என்ன செய்யும்?

ஒரு நிரல் 1 ஜிபி நினைவகம் கேட்கிறது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் உடனே ஒரு முகவரியை எடுத்து நீட்டிவிடுகிறது. 1 ஜிபி கையில் வந்துவிட்டது என்று நிரலும் நம்பிக்கொள்கிறது. உண்மையில் அந்த நேரத்தில் அதன் தரவுக்கென்று ராமில் ஒரு பைட்கூட ஒதுக்கப்பட்டிருக்காது. "இங்கிருந்து அங்குவரை இந்த நிரலுக்குச் சொந்தம், படிக்கலாம், எழுதலாம்" என்று கெர்னல் தன் குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்திருக்கும், அவ்வளவுதான்.

4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் அந்த 1 ஜிபியில் 2,62,144 பக்கங்கள். இவற்றில் எதை நிரல் முதன்முதலாகத் தொடுகிறதோ, அதற்குத்தான், அப்போதுதான், ராமில் இடம் தேடப்படும். தொட்டவுடன் "இங்கே ஒன்றும் இல்லையே" என்று வன்பொருள் கெர்னலைக் கூப்பிடுவதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். ஃபால்ட் என்ற சொல்லைப் பார்த்து ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான பேஜ் ஃபால்ட்டுகள் அன்றாட வேலை. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

இதெல்லாம் சிபியு தொட்டால் நடப்பவை. அதே முகவரியை வரைகலைச் செயலியான ஒரு ஜிபியுவிடமோ, குறிப்பிட்ட வேலையைச் சிபியுவுக்குப் பதிலாகச் செய்துகொடுக்கும் வேறு ஏதாவது முடுக்கியிடமோ கொடுத்து "நீ இதில் வேலை செய்" என்று சொன்னால்? அதுவும் இல்லாத பக்கத்தில் கை வைக்கத்தான் போகிறது. அப்போது யார் நிற்பது, யார் தேடுவது, யார் யாருக்காகக் காத்திருப்பது? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். மூல நிரல் எல்லோர் கண்முன்னும் இருப்பதால் உதாரணங்களை லினக்ஸிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

சிபியுவுக்கு இது ஏன் சுலபம்

நிரல் பயன்படுத்துவது மெய்நிகர் முகவரி. அதை ராமின் நிஜ முகவரியாக மாற்ற ஒரு பக்க அட்டவணை இருக்கிறது. எக்ஸ்86 சிபியுவில் வழக்கமாக இது 4 அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் 512 பதிவுகள். கடைசி அடுக்கில் இருக்கும் பதிவில் "பக்கம் இருக்கிறது" என்று சொல்ல ஒரு பிட் உண்டு. அது 0 என்றால் சிபியு அந்தக் கட்டளையை அப்படியே நிறுத்திவிட்டு, 14-ஆம் எண் விதிவிலக்கை எழுப்பிக் கெர்னலுக்குள் குதிக்கும். எந்த முகவரியில் தடுக்கியது என்பது சிஆர்2 என்ற பதிவேட்டில் இருக்கும்.

கெர்னல் தன் குறிப்பைப் புரட்டிப் பார்க்கிறது. அந்த முகவரி நிரலுக்குச் சொந்தமானதா? படிக்கவோ எழுதவோ அனுமதி உண்டா? இரண்டும் சரி என்றால் ஒரு காலிப் பக்கத்தை எடுத்து, பூஜ்ஜியங்களால் நிரப்பி, அட்டவணையில் பதிந்துவிட்டுத் திரும்புகிறது. ஸ்வாப்பிலோ (ராம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கிவைக்கும் வட்டுப்பகுதி) கோப்பிலோ இருந்தால் வட்டிலிருந்து கொண்டுவருகிறது. அதன்பிறகு சிபியு அதே கட்டளையை மறுபடி ஓட்டும். நடுவில் இத்தனை நடந்தது நிரலுக்குத் தெரியவே தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது, சிபியுவுக்குச் சில வசதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தவறிய கட்டளையில் துல்லியமாக நிற்க முடிகிறது. ஃபால்ட் ஆன அதே இடத்தில், அதே நிரலின் சூழலில் கெர்னல் ஓடுகிறது. எந்த நிரலுக்காக வேலை செய்கிறோம் என்று அது யாரையும் கேட்க வேண்டியதில்லை. வட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்தால் இந்த த்ரெட்டை, அதாவது நிரலின் இந்த ஓட்டத்தை, தூங்கவைத்துவிட்டு இன்னொன்றை ஓட்டலாம். முடுக்கிக்கு இந்த மூன்றுமே இல்லை. மற்ற சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

ஃபால்ட்டே வராமல் பார்த்துக்கொண்ட காலம்

நீண்ட காலம் சாதனங்களுக்குப் பேஜ் ஃபால்ட் என்பதே கிடையாது. சாதனம் தொடப்போகும் பக்கங்களை முன்கூட்டியே ராமில் வரவழைத்து, நகராதபடி ஆணி அடித்துவிடுவார்கள். பின்னிங் என்பது இதைத்தான். ஆணி அடித்த பக்கத்தைக் கெர்னல் ஸ்வாப்புக்கு அனுப்ப முடியாது, வேறு இடத்துக்கு நகர்த்தவும் முடியாது. வட்டு, நெட்வொர்க் கார்டு போன்றவை பெரும்பாலும் இப்படித்தான் இன்றும் வேலை செய்கின்றன. சின்னச் சின்ன இடங்களை ஒரு கணம் தொட்டுவிட்டு விடும் வேலைக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன்.

ஜிபியு போன்றவற்றில் இது இடிக்கிறது. பல ஜிபி தரவை மணிக்கணக்கில் ஆணி அடித்து வைத்தால் மற்ற நிரல்களுக்கு ராம் போதாது. அதைவிடப் பெரிய தொல்லை, எதைத் தொடப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒரு மரம், ஒரு தொடர்பட்டியல் மாதிரி சுட்டியைப் பிடித்துச் சுட்டிக்குத் தாவும் தரவு என்றால் எந்தப் பக்கங்கள் தேவை என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். தனி நினைவகம் உள்ள ஜிபியுவுக்கு நகலெடுத்து அனுப்புவதானால் உள்ளே இருக்கும் சுட்டிகளையும் திருத்தி எழுத வேண்டும். இதைக் கையால் செய்துபார்த்தவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும்.

என்விடியா 2014-இல் தன் ஜிபியு நிரலாக்கத் தளமான கூடாவின் 6-ஆம் பதிப்பு வழியாக "ஒரே நினைவகம்" என்ற வசதியைக் கொடுத்தது. நிரலாளர் ஒரே சுட்டியை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். ஆனால் அன்றைய ஜிபியுக்களுக்கு ஃபால்ட் ஆகத் தெரியாது. அதனால் ஜிபியு வேலை தொடங்குமுன் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் தரவை மொத்தமாக அங்கே தள்ளிவிடும். 2016-இல் பாஸ்கல் தலைமுறை வந்தபோதுதான் ஜிபியு நடுவழியில் நின்று "இந்தப் பக்கம் என்னிடம் இல்லை" என்று கேட்கக் கற்றுக்கொண்டது.

கேட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் சிபியுவின் பக்க அட்டவணையையே சாதனமும் பார்க்கிறது. மற்றொன்றில் சாதனத்துக்குத் தனி அட்டவணை. அதை டிரைவர் சிபியுவின் அட்டவணையோடு ஒத்துப்போக வைத்துக்கொள்கிறது.

ஒரே அட்டவணை: ஐஓஎம்எம்யு வழி

சாதனங்களுக்கும் ராமுக்கும் நடுவில் ஐஓஎம்எம்யு என்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறது. சாதனம் மெய்நிகர் முகவரியைக் கொடுத்தால் அது நிஜ முகவரியைச் சொல்லும். ஒரே சாதனத்தில் பல நிரல்களின் வேலைகள் ஓடும் அல்லவா, அதனால் எந்த நிரலின் அட்டவணையைப் பார்ப்பது என்று சொல்ல ஒவ்வொரு கோரிக்கையுடனும் பாசிட் என்ற எண் போகும். பிசிஐ எக்ஸ்பிரஸில் இது 20 பிட் எண்.

சாதனம் முதலில் மொழிபெயர்ப்பு கேட்கிறது. இதற்கு ஏடிஎஸ் என்று பெயர். பதில் கிடைத்தால் தன்னிடமே ஒரு சிறிய கேஷில் வைத்துக்கொள்ளும். "பக்கம் இல்லை" என்று பதில் வந்தால் பிஆர்ஐ என்ற இன்னொரு வழியில் பக்கக் கோரிக்கை அனுப்புகிறது. அதில் பாசிட், முகவரி, படிக்கவா எழுதவா என்ற விவரம், எந்தக் குழுவைச் சேர்ந்த கோரிக்கை என்ற எண், குழுவில் இதுதான் கடைசியா என்ற ஒரு பிட் எல்லாம் இருக்கும். ஐஓஎம்எம்யு அதை நினைவகத்தில் இருக்கும் ஒரு வரிசையில் போட்டுவிட்டுச் சிபியுவுக்கு இன்டரப்ட் கொடுக்கும், அதாவது செய்யும் வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று கூப்பிடும்.

இனிமேல் கெர்னலின் வேலை. இன்டரப்ட் வந்த இடத்தில் பேஜ் ஃபால்ட்டைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் வட்டுக்காகத் தூங்க நேரலாம். இன்டரப்டுக்குள் தூங்கக் கூடாது. அதனால் கோரிக்கையை எடுத்து, தூங்கக்கூடிய ஒரு கெர்னல் த்ரெட்டிடம் தள்ளிவிடுகிறது. அந்த த்ரெட் எந்த நிரலுக்கும் சொந்தமில்லாதது. பாசிட்டை வைத்து "இது இன்ன நிரலின் முகவரிவெளி" என்று கண்டுபிடித்து, அந்த முகவரிவெளி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, பூட்டை எடுத்து, முகவரி சொந்தமானதா, அனுமதி உண்டா என்று சோதிக்கிறது. அப்புறம் சிபியு ஃபால்ட்டுக்குப் பயன்படும் அதே பழைய செயற்கூறைத்தான் அழைக்கிறது. பக்கத்தைக் கொண்டுவரும் வேலைக்குப் புதிதாக எதுவும் எழுதப்படவில்லை. கேட்டவர் வேறு, வேலை ஒன்று.

பக்கம் வந்ததும் சாதனத்துக்குப் பதில் போகும்: வெற்றி, செல்லாத கோரிக்கை, அல்லது மீளமுடியாத தோல்வி. இங்கே நான் வெகுநாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்த ஒரு விஷயம் உண்டு. "வெற்றி" என்ற பதிலோடு நிஜ முகவரியும் சேர்ந்து போகும் என்று நினைத்திருந்தேன். போகாது. "கொண்டுவந்துவிட்டேன், மறுபடி கேட்டுப் பார்" என்பது மட்டும்தான் அதன் பொருள். சாதனம் மீண்டும் ஏடிஎஸ்ஸில் ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் கெர்னல் அந்தப் பக்கத்தை வேறு காரணத்துக்காகப் பிடுங்கியிருந்தால் மறுபடியும் ஃபால்ட், மறுபடியும் கோரிக்கை. பார்க்க வீண் வேலை போலிருக்கும். ஆனால் பதில் வழியில் இருக்கும்போது பக்கத்துக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதால் விதிகள் எளிமையாகிவிடுகின்றன.

ஆர்ம் உலகின் ஐஓஎம்எம்யுவான எஸ்எம்எம்யுவில் இன்னொரு முறையும் உண்டு. சாதனத்துக்குக் கேட்கவே தெரியாவிட்டாலும், அதன் நினைவக அணுகலை எஸ்எம்எம்யுவே நடுவில் பிடித்து நிறுத்திவைத்து, கெர்னல் "தொடரலாம்" என்று சொன்ன பிறகு விடும். லினக்ஸில் இந்த இரண்டு வகைக் கோரிக்கைகளையும் ஒரே பொதுப் பாதையில் நடத்தும் நிரல்பகுதி 5.13 பதிப்பில் சேர்ந்தது.

நிற்பதா, திருப்பிக் கொடுப்பதா

எல்லா முடுக்கியும் காத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்டெலின் 4-ஆம் தலைமுறை ஜியான் சிப்களில் டிஎஸ்ஏ என்ற ஒரு நகலெடுக்கும் முடுக்கி இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்கும்போதே ஒரு கொடியில் சொல்லிவிடலாம்: ஃபால்ட் ஆனால் நில், அல்லது பாதியிலேயே திரும்பி வா. திரும்பி வரச் சொன்னால், எத்தனை பைட் முடித்தது, எந்த முகவரியில் தடுக்கியது என்று முடிவுப் பதிவில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நிரல் அந்த முகவரியைத் தானே ஒருமுறை தொடும். சிபியுவின் சாதாரண பேஜ் ஃபால்ட் நடந்து பக்கம் வரும். மிச்ச வேலையை மீண்டும் முடுக்கியிடம் கொடுத்தால் ஆயிற்று.

கெர்னலில் ஒரு வரிகூடப் புதிதாகத் தேவைப்படாத இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. நகலெடுப்பது போன்ற, எங்கே நின்றோம் என்பதை ஓர் எண்ணில் சொல்லிவிடக்கூடிய வேலைக்குத்தான் இது பொருந்தும் என்பது வேறு விஷயம். ஆயிரக்கணக்கான த்ரெட்டுகள் ஆளுக்கொரு இடத்தில் நிற்கும் ஜிபியுவால் அப்படிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நெட்வொர்க் கார்டு இன்னொரு தினுசு. ஒரு கணினி இன்னொன்றின் நினைவகத்தை நெட்வொர்க் வழியாக நேரடியாகத் தொடும் ஆர்டிஎம்ஏவில் எதிர்முனையிலிருந்து தரவு வந்துகொண்டே இருக்கும். வைக்க வேண்டிய பக்கம் இல்லை என்றால் வருவதை வைத்துக்கொள்ளப் போதுமான இடம் கார்டிடம் இல்லை. அதனால் அனுப்புபவரிடம் "இப்போது தயாராக இல்லை, பிறகு அனுப்பு" என்று சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் பக்கத்தை வரவழைக்கிறது. ஃபால்ட்டின் காத்திருப்பு நெட்வொர்க்கைத் தாண்டி இன்னொரு கணினியின் தலையில் விழுகிறது.

தனி அட்டவணை: ஜிபியுவின் வழி

தனி நினைவகம் கொண்ட பெரும்பாலான ஜிபியுக்களில் சொந்தமாகவே ஒரு எம்எம்யுவும் (முகவரியை மொழிபெயர்க்கும் பகுதி) சொந்தப் பக்க அட்டவணையும் இருக்கும். பாஸ்கல் வரிசையின் டெஸ்லா பி100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 56 செயல் அலகுகள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 2,048 த்ரெட்டுகள். மொத்தம் 1,14,688 த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கலாம். அவை பக்கத்துப் பக்கத்து முகவரிகளில் வேலை செய்பவை என்பதால் ஒருவருக்கு இல்லாத பக்கம் பெரும்பாலும் நூறு பேருக்கு இல்லாத பக்கமாக இருக்கும்.

எனவே ஃபால்ட்டுகள் ஒன்று ஒன்றாக வருவதில்லை, வெள்ளமாக வருகின்றன. ஜிபியு அவற்றை ஒரு வட்ட வரிசையில் எழுதிக்கொண்டே போகும். டிரைவர் கொத்தாக எடுக்கிறது. என்விடியாவின் டிரைவரில் மாற்றாமல் விட்டால் ஒரு கொத்துக்கு 256. எடுத்ததை முகவரி வாரியாக அடுக்கி, ஒரே பக்கத்துக்கான நகல்களைக் கழித்து, மிஞ்சிய பக்கங்களைக் கொண்டுவந்து, ஜிபியுவின் அட்டவணையைத் திருத்தி, கடைசியாக "மறுபடி முயன்று பார்" என்று ஒரே ஒரு கட்டளை கொடுக்கிறது. தடுக்கி நின்ற எல்லோரும் மீண்டும் முயல்வார்கள். கொத்தில் இடம் கிடைக்காதவர்கள் மறுபடி ஃபால்ட் ஆவார்கள், பரவாயில்லை. ஏஎம்டியின் சில ஜிபியுக்களில் இந்த மறுமுயற்சி வசதிக்கு எக்ஸ்நேக் என்று பெயர்.

ஒரு கொத்தைத் தீர்க்கச் சில பத்து மைக்ரோ நொடிகள் ஆவது சாதாரணம். எளிய சிபியு ஃபால்ட்டோடு ஒப்பிட்டால் இது மிக நீண்ட நேரம். இதனால் டிரைவர்கள் கேட்ட பக்கத்தோடு நிற்பதில்லை; அருகிலிருப்பவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். ஒரு 2 எம்பி துண்டில் கணிசமான பகுதி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது என்றால் மிச்சத்தையும் கேட்பார்கள் என்று ஊகிப்பது இங்கே பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. தாறுமாறாகத் தாவும் நிரலில் இதே ஊகம் தேவையில்லாததைச் சுமந்துவரும்.

பக்கத்தை ராமிலேயே விட்டுவிட்டு ஜிபியுவை அங்கே எட்டிப் பார்க்கச் சொல்லலாம்தானே? சொல்லலாம். ஆனால் பி100-இன் சொந்த நினைவகம் நொடிக்கு 732 ஜிபி தரும். நடுவில் இருக்கும் 16 தட பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 இணைப்பு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான். அடிக்கடி தொடும் பக்கம் என்றால் இடம் மாற்றிவிடுவதே லாபம்.

இரண்டு அட்டவணை, ஒரே உண்மை

இந்த முழு விஷயத்திலும் கடினமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. பக்கத்தைக் கொண்டுவருவது சுலபம். கொண்டுவந்த பிறகு சிபியு பக்கமும் ஜிபியு பக்கமும் ஒரே கதையைச் சொல்ல வைப்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

கெர்னல் சிபியுவின் அட்டவணையை எப்போது வேண்டுமானாலும் மாற்றும். நிரல் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ராம் குறைந்து பக்கம் ஸ்வாப்புக்குப் போகலாம். ஃபோர்க் நடந்து, அதாவது நிரல் தன்னையே நகலெடுத்து, எழுதும் அனுமதி தற்காலிகமாகப் பறிக்கப்படலாம். துண்டு துண்டாகக் கிடக்கும் ராமை ஒழுங்குபடுத்தப் பக்கம் இடம் மாறலாம். இதில் எதுவும் ஜிபியுவின் அட்டவணைக்குத் தானாகத் தெரியாது. தெரியாமல் விட்டால், இன்னொரு நிரலுக்குப் போய்விட்ட பக்கத்தில் ஜிபியு எழுதிக்கொண்டிருக்கும். இது வெறும் வழு இல்லை, பாதுகாப்பு ஓட்டை.

இதற்காக எம்எம்யு நோட்டிஃபையர் என்ற ஏற்பாடு 2008-இல், லினக்ஸ் 2.6.27-இல் வந்தது. முதலில் அதைக் கேட்டவர்களில் கேவிஎம் என்ற மெய்நிகராக்கப் பகுதியும் உண்டு. தன்மேல் ஓடும் மெய்நிகர் விருந்தினர் கணினிகளுக்காக அதுவும் இரண்டாவது அட்டவணை ஒன்றை வைத்திருக்கிறது. கெர்னல் ஒரு பரப்பைக் கலைக்கப்போகிறது என்றால் முன்கூட்டியே டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்லும். டிரைவர் தன் அட்டவணையில் அந்தப் பரப்பை அழித்து, ஜிபியுவின் டிஎல்பியையும் (அண்மைய மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் கேஷ்) துடைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதன்பிறகுதான் கெர்னல் பக்கத்தைப் பிடுங்கும்.

ஃபால்ட்டைத் தீர்க்கும்போது இதோடு ஒரு பந்தயம் வருகிறது. டிரைவர் கெர்னலிடம் "இந்த முகவரிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டு விடை வாங்குகிறது. அதை ஜிபியு அட்டவணையில் எழுதப்போகும் அந்த நொடிப்பொழுதில் கெர்னல் பக்கத்தைப் பிடுங்கிவிட்டால்? நோட்டிஃபையர் வந்து பார்க்கும், அழிக்க ஒன்றும் இல்லை, போய்விடும். அதற்கப்புறம் டிரைவர் காலாவதியான விடையை எழுதிவைக்கும்.

ஒரு பூட்டைப் போட்டு முழுவதையும் அதற்குள் செய்தால் என்ன என்று தோன்றும். செய்ய முடியாது. பக்கத்தை வரவழைக்கும்போது ராம் போதாமல் போகலாம். ராமைத் திரட்டக் கெர்னல் வேறொரு பக்கத்தைப் பிடுங்கலாம். பிடுங்குமுன் இதே டிரைவரின் நோட்டிஃபையரைக் கூப்பிடும். அது இதே பூட்டுக்காக நிற்கும். தன் கதவுக்கு வெளியே தானே நின்று தட்டிக்கொண்டிருக்கும் நிலை.

எனவே பூட்டுக்குப் பதில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கலைப்புக்கும் அந்த எண் மாறும். டிரைவர் முதலில் எண்ணைப் படிக்கிறது. பூட்டு எதுவும் இல்லாமல் கெர்னலிடம் பக்கத்தைக் கேட்கிறது, தூங்க நேர்ந்தால் தூங்கட்டும். விடை வந்ததும் தன் பூட்டை எடுத்து எண்ணை மறுபடி பார்க்கிறது. மாறவில்லை என்றால் அட்டவணையில் எழுதிவிட்டுப் பூட்டை விடுகிறது. மாறியிருந்தால் விடையைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நோட்டிஃபையரும் அதே பூட்டை எடுத்துத்தான் எண்ணை மாற்றும் என்பதால், சோதனைக்கும் எழுதுவதற்கும் நடுவில் யாரும் நுழைய முடியாது. பூட்டு மிகச் சிறிய நேரம்தான் பிடிபடுகிறது. அதற்குள் நினைவகம் கேட்பதும் இல்லை.

இந்த வேலையை ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாக எழுதித் தவறு செய்யாமல் இருக்க, ஜெரோம் கிலிஸ் எழுதிய எச்எம்எம் என்ற பொது அடுக்கு 2017-இல் லினக்ஸ் 4.14-இல் சேர்ந்தது. ஜிபியு நினைவகத்துக்குப் போய்விட்ட பக்கத்தைச் சிபியுவிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் அதில் விடை உண்டு. சிபியுவின் அட்டவணையில் ஸ்வாப்புக்குப் போன பக்கத்தைப் போன்ற ஒரு விசேஷப் பதிவை வைத்துவிடுகிறார்கள். சிபியு தொட்டால் ஃபால்ட் ஆகும். கெர்னல் பார்த்து, "இது வட்டில் இல்லை, ஜிபியுவில் இருக்கிறது" என்று டிரைவரைக் கூப்பிடும். டிரைவர் பக்கத்தைத் திருப்பிக் கொண்டுவரும். அதாவது ஜிபியுவின் நினைவகம் கெர்னலின் கண்ணுக்கு வேகமான ஒரு ஸ்வாப் மாதிரி தெரிகிறது. அழகான தந்திரம்.

அழகு இருந்தாலும், ஒரே பக்கத்தைச் சிபியுவும் ஜிபியுவும் மாறி மாறித் தொட்டால் அது பந்துபோல் அங்கும் இங்கும் பறக்கும். இருவரும் வெவ்வேறு மாறிகளைத்தான் தொடுகிறார்கள், அவை தற்செயலாக ஒரே பக்கத்தில் விழுந்துவிட்டன என்றாலும் இதே கதி. நிரல் தப்பில்லாமல் ஓடும், மிக மெதுவாக. இப்படி ஆடும் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் உட்காரவைப்பதும் டிரைவரின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

காத்திருப்பவருக்காகக் காத்திருப்பது

சிபியு ஃபால்ட்டில் காத்திருப்பது சாதாரணம் என்று முன்பு சொன்னேன். ஜிபியுவில் அது ஆபத்தாகும் ஓர் இடம் உண்டு.

லினக்ஸின் வரைகலை டிரைவர்களில் ஃபென்ஸ் என்ற ஒரு வாக்குறுதி புழங்குகிறது. "இந்த ஜிபியு வேலை எப்படியும் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிந்துவிடும்" என்பதே அந்த வாக்கு. அதை நம்பிக் கெர்னலின் மற்ற பகுதிகள் காத்திருக்கும். முக்கியமாக, ராம் தட்டுப்பாட்டில் பக்கங்களைத் திரட்டும் பகுதி, ஜிபியு பயன்படுத்தும் ஒரு பக்கத்தை விடுவிக்க அந்த ஃபென்ஸுக்காகக் காத்திருக்கலாம்.

இப்போது அந்த ஜிபியு வேலை ஃபால்ட் ஆகக்கூடிய வேலையாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜிபியு ஃபால்ட் ஆகிறது. தீர்க்க ஒரு புதுப் பக்கம் வேண்டும். ராம் இல்லை. ராமைத் திரட்டும் பகுதி ஃபென்ஸுக்காக நிற்கிறது. ஃபென்ஸ் ஜிபியு வேலை முடிய நிற்கிறது. வேலை ஃபால்ட் தீர நிற்கிறது. வட்டம் முழுமையாகிவிட்டது, இனி யாரும் நகரமாட்டார்கள்.

எனவே லினக்ஸில் விதி கறாரானது: பேஜ் ஃபால்ட் ஆகக்கூடிய ஜிபியு வேலையின் மேல் அந்த வகை வாக்குறுதியைத் தொங்கவிடக் கூடாது. அப்படிப்பட்ட வேலையை நடுவில் நிறுத்தி ஒதுக்கிவைக்க முடிய வேண்டும். "ஒதுக்கிவைத்துவிட்டேன்" என்பதற்கு வேண்டுமானால் ஃபென்ஸ் கொடுக்கலாம். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஃபென்ஸ் உள்ள வேலையும் ஃபால்ட் ஆகும் வேலையும் ஒரே செயல் அலகைப் பகிர்ந்துகொண்டால், ஃபால்ட்டில் தொங்குபவர் அலகை அடைத்துக்கொண்டு மற்றவரைத் தடுத்துவிடுவார். நேரடித் தொடர்பே இல்லாத இரண்டு வேலைகளுக்கு நடுவிலும் அந்த வட்டம் உருவாகிவிடும். வன்பொருளால் ஃபால்ட் ஆனவரை வெளியே தள்ள முடியாவிட்டால் இரண்டு வகைகளையும் ஒன்றாக ஓடவிடாமல் பிரித்துவைப்பதுதான் வழி.

முகவரியே தப்பு என்றால்

எல்லா ஃபால்ட்டும் நல்ல ஃபால்ட் இல்லை. சிபியுவில் தவறான சுட்டியைத் தொட்டால் கெர்னல் அந்த த்ரெட்டுக்கே சிக்னல் அனுப்பும். நிரல் அங்கேயே விழும், எந்த வரியில் என்று டீபக்கரில் பார்த்துவிடலாம். ஜிபியுவில் வேலையை அனுப்பிய த்ரெட் எப்போதோ அடுத்த வேலைக்குப் போயிருக்கும். யாருக்குச் சிக்னல் அனுப்புவது? அதனால் பொதுவாக டிரைவர் அந்த நிரலின் ஜிபியு சூழலையே நிறுத்திவிட்டு, அடுத்த தடவை நிரல் ஏதாவது கேட்கும்போது பிழையைச் சொல்லும். சம்பந்தமே இல்லாத ஒரு வரியில் பிழைச்செய்தி வருவதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர். காரணம் இந்தத் தாமதம்தான்.

நிரல் சிபியு பக்கம் செத்துப்போய், முடுக்கி மட்டும் அதன் வேலையை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அப்போது வரும் பக்கக் கோரிக்கையைக் கெர்னல் த்ரெட் எடுத்துப் பார்த்தால் முகவரிவெளியே இருக்காது. "செல்லாத கோரிக்கை" என்று பதில் போகும். அந்த நிரலின் பாசிட்டை அடுத்த நிரலுக்கு உடனே கொடுத்துவிடவும் கூடாது. பழைய நிரலின் கோரிக்கை ஒன்று இன்னும் வரிசையில் கிடந்தால் அது புது நிரலின் கணக்கில் விழுந்து, அதன் அட்டவணையில் யாரும் கேட்காத பக்கத்தை வரவழைக்கும். அதனால் பாசிட்டை விடுவிப்பதற்கு முன் சாதனத்தை அந்த எண்ணில் வேலை செய்வதிலிருந்து நிறுத்தி, வன்பொருள் வரிசையையும் கெர்னலின் வரிசையையும் காலியாகும்வரை வடித்து, சாதனத்தின் கேஷில் மிஞ்சிய மொழிபெயர்ப்புகளைத் துடைத்த பிறகே எண் பொதுப் பட்டியலுக்குத் திரும்புகிறது.